அரைப்பேரும் நான்கு குளிசையும்

என் மேசையின் இழுப்பறையில் ஒரு காகிதத் துண்டு கிடக்கின்றது. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். இடப்பக்கத்தில் எட்டு மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே வலப்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து. 'எஸ்' என்றிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்று பொருள். 'ஆர்' என்றிருந்தால் பணியாது. எட்டில் ஆறுக்கு நேரே 'ஆர்' என்றே இருக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் தாயின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியைப் பற்றி ஆய்வுகூடம் வழங்கிய தீர்ப்பு அது.

அந்த ஆறில் நான்கு மருந்துகளை நானே எண்ணிக் காகிதத்தில் மடித்து விற்றிருக்கின்றேன். வேறெங்குமல்ல, என் தாய் கொழுந்து பறித்த மலையின் அடிவாரத்தில், இராகலைக் கடைத்தெருவில்.

இவ்வூரை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைக் கடந்து வருகின்ற பாதையில் இராகலை இருக்கின்றது. இதற்கப்பால் போனால் ஒரு பக்கம் வலப்பனை, மறுபக்கம் உடப்புசல்லாவை. முன்னொரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்வதற்கென்று நானுஓயாவிலிருந்து இதுவரை ஒரு சிறு ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிக்கு ரயில் விட்டவர்கள் அதைப் பறித்த மனிதனுக்குக் குடிநீர்க் குழாய் விட மறந்தார்கள். இது வெறும் சொல்லலங்காரமன்று. என் தாயின் நோய்க்கும் அக்குழாய்க்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்லுவேன்.

1998ஆம் ஆண்டு சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு, மேலே படிக்கப் பணமில்லாமல், ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் அங்கே நின்றேன். கடையின் பெயரும் முதலாளியின் பெயரும் இங்கே வேண்டா. அவர் கொடியவருமல்லர், எல்லாரும் செய்ததை அவரும் செய்தார். மருத்துவரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை விற்கலாகாது என்பது அன்றும் சட்டந்தான். அச்சட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அனுமதிப்பத்திரமாகச் சுவரிலே தொங்கியது. அதற்கு நேர் கீழே நின்று நான் விற்றேன்.

மருந்தின் பெயரை யாரும் கேட்பதில்லை, நிறத்தையே கேட்பார்கள்.

"தம்பி, தடிமன் காய்ச்சலா இருக்கு. அந்தச் சிவப்பும் மஞ்சளும் நாலு குடுங்க."

"நாலு போட்டா சரிவராது அக்கா. போடுறதுன்னா மூணு வேளையும் ஏழு நாளைக்குப் போடணும். இருபத்தொண்ணு."

"அம்புட்டுக்கு நான் எங்க போவேன்? நாலு போதும். நாளைக்குப் பெரட்டுக்கு நிக்கணும்."

நாளைக்குப் பெரட்டுக்கு நிற்க வேண்டும் — இந்த ஒரு வாக்கியத்துக்குள் தோட்டத்தின் பொருளாதாரம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. தோட்டத்தில் ஒரு நாளைய கூலிக்குப் 'பேர்' என்று பெயர். காலைப் பெரட்டுக்கு வந்து, மலையேறி, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் பேரில்லை. காய்ச்சலுக்குப் பேர் போடுகின்ற தோட்டத்தை நான் பார்த்ததில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் போய்விடும். நுவரெலியாவுக்குப் போனால் முழு நாளும் பஸ் காசும் போய்விடும். கடைத்தெருவிலோ, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பின்னேரத்திலே நான்கு குளிசை வாங்கிக்கொள்ளலாம். ஆதலின் இருபத்தொன்றுக்குப் பதில் நான்கு வாங்குபவளை 'அறியாதவள்' என்று சொல்லுகின்றவர்களோடு எனக்கு நெடுநாளாகப் பிணக்கு உண்டு. அவளுக்குக் கணக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவள் போடவில்லை, அவளுக்காகப் போடப்பட்டிருந்தது.

என் தாயும் அப்படித்தான். பல்வலிக்கும் இருமலுக்கும் காலில் அட்டை கடித்துப் புண்ணானதற்கும், 'கடையிலிருந்து ரெண்டு கொண்டாடா' என்பாள். நான் பெருமையோடு கொண்டு போவேன். மகன் மருந்துக்கடையில் நிற்கின்றான் என்பது லயத்தில் அவளுக்கு ஒரு மதிப்பு. பக்கத்துக் காம்பராக்களில் உள்ளவர்களும் என்னிடம் சொல்லியனுப்புவார்கள்.

பிற்பாடு நான் படித்து, ஆசிரியனாகி, விஞ்ஞானம் கற்பிக்கலானேன். மருந்துக்கடை என் நினைவிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், மழையும் காற்றுமாக இருந்த ஒரு நாள், அம்மா மலையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். பல் கிட்டிப் போகின்ற நடுக்கம். இரண்டு கம்பளி போர்த்தியும் அடங்கவில்லை. வலப்பக்க விலாவின் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். 'வாய்வு பிடிச்சிருக்கு' என்றாள். விஞ்ஞான ஆசிரியனாகிய நான் என்ன செய்தேன்? தகரப் பேணியைத் திறந்து, முன்னெப்போதோ மிஞ்சிக் கிடந்த குளிசைகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் சிறுநீர் சாயத்தண்ணீர் போலப் போவதாகச் சொன்னாள். கதவருகே வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தபோது அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாயிருந்தது.

அன்று அவசர சிகிச்சைப் பிரிவிலே அவளைப் பார்த்த இளம் மருத்துவர் சிங்களப் பெண். கற்றுக்கொண்ட தமிழில் நிதானமாகப் பேசினார். நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள், வலப்பக்க வயிற்று நோவு ஆகிய மூன்றையும் விரல்விட்டு எண்ணிவிட்டு, "அம்மாவுக்குப் பித்தம் போற குழாய் அடைச்சு, அதுல கிருமி" என்றார். இம்மூன்று அடையாளங்களையும் ஒருங்கு சேர்த்து 1877ஆம் ஆண்டில் எழுதியவர் பாரிசு நகரத்து வைத்தியர் சார்க்கோ. இவற்றோடு இரத்த அழுத்தம் வீழ்ந்து புத்தியும் தடுமாறினால் உயிருக்கு ஆபத்து மிக அருகில் வந்துவிட்டது என்பதை 1959இல் ரெனால்ட்ஸ் முதலியோர் எழுதினர். அன்றிரவு அம்மா இறந்துபோன என் தந்தையைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். நான்காவது அடையாளமும் வந்துவிட்டதென்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஈரலில் நாள்தோறும் அரை லீற்றருக்கு மேற்பட்ட பித்தநீர் சுரக்கின்றது. அது பித்தநாளத்தின் வழியே வழிந்து சிறுகுடலில் விழுகின்றது. சிறுகுடலில் கிருமிகள் உண்டு. பித்தநாளத்தில் சாதாரணமாக இல்லை. இடையே ஒரு சிறு தசைவளையம் கதவு போல் நிற்கின்றது. மேலிருந்து கீழே ஓடும் நீரும் ஏறி வருகின்ற கிருமியை அடித்துச் சென்றுவிடுகின்றது. ஓட்டம் நின்றால்தான் வினை. ஒரு கல் நாளத்தை அடைத்தால் பித்தம் தேங்கும், தேங்கிய நீரில் கிருமி பெருகும், அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் கிருமியை ஈரலின் நுண்குழாய்கள் வழியாக இரத்தத்துள் தள்ளும். அந்த நடுக்கம் கிருமி இரத்தத்தில் புகுந்ததற்கு அறிகுறி.

இக்கிருமிகள் யாவை? வெளியிலிருந்து வந்த பகைவர்கள் அல்லர். எஷெரிக்கியா கோலி, கிளெப்சியெல்லா, என்டரோகொக்கஸ் என்று பெயர் சொல்லப்படுகின்ற இவை நம் குடலிலேயே குடியிருப்பவை. முதலாவதாகச் சொன்ன கோலிதான் இந்நோயில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது. அம்மாவின் இரத்தத்தில் இருந்ததும் அதுவே. பல்லாண்டுகள் அவளுடைய ரொட்டியையும் சம்பலையும் பங்கிட்டுத் தின்று அவளோடு வாழ்ந்த கிருமி. நான் கொடுத்த ஒவ்வொரு குளிசையையும் அதுவும் கூடவே விழுங்கியிருக்கின்றது.

கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. பித்தக்கல் என்றாலே கொழுப்புத் தின்பவர்களின் வியாதி என்று கேள்விப்பட்டிருந்தேன். கொழுப்புக்கும் எங்கள் லயத்துக்கும் என்ன சம்பந்தம்? படித்துப் பார்த்தபோது கற்களிலும் வர்க்கம் உண்டென்று அறிந்தேன். பித்தப்பையில் கொழுப்பு உறைந்து உண்டாகின்ற கல் ஒரு வகை, மேல்நாடுகளில் மிகுதி. பித்தநாளத்திற்குள்ளேயே உண்டாகின்ற மண்ணிறமான மிருதுவான கல் வேறொரு வகை. இது ஆசியாவின் ஏழை மக்களிடையே மிகுதியாகக் காணப்பட்டது. 1954ஆம் ஆண்டில் ஹொங்கொங் வைத்தியர்கள், ஏழைச் சீனர்களிடையே திரும்பத் திரும்ப வரும் பித்தநாளச் சீழ்நோயை விவரித்து எழுதினார்கள். 1966இல் ஜப்பானிய அறுவை வைத்தியர் மாக்கி இக்கல் உண்டாகும் வகையை விளக்கினார். கோலிக் கிருமி ஒரு நொதியைச் சுரக்கின்றது; அது பித்தத்தின் நிறப்பொருளை உடைக்கின்றது; உடைந்த பொருள் சுண்ணாம்புச் சத்தோடு கூடிக் கல்லாகப் படிகின்றது. ஆகவே கல்லினால் கிருமி வருவது மட்டுமன்று. கிருமியினாலும் கல் வருகின்றது. புரதம் குறைந்த உணவு உண்பவர்களின் பித்தத்தில் இந்நொதியை அடக்கும் பொருள் குறைவு என்றும் அவர் கருதினார். போருக்குப் பின் ஜப்பானியரின் சோறும் குடிநீரும் திருந்தத் திருந்த, இக்கல் அந்நாட்டில் அருகிப் போயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. வயிற்றிலுள்ள உருண்டைப் புழு சில வேளைகளில் பித்தநாளத்துக்குள் ஏறிவிடும். குடற்கிருமியை உடன் கொண்டு போவதும், உள்ளேயே இறந்து கல்லுக்குக் கருவாவதும் உண்டு. காஷ்மீரத்தில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார்கள். பிள்ளைக்காம்பராவில் வரிசையாக நிறுத்திப் பூச்சி மருந்து கொடுத்த நாள் எனக்கு நினைவிருக்கின்றது. எங்கள் பீலியும் நினைவிருக்கின்றது. மேலேயுள்ள ஊற்றிலிருந்து மூங்கிலிலும், பின்னர் இரப்பர்க் குழாயிலும் வந்து விழுகின்ற நீர். அதற்கு மேற்புறத்திலே மாட்டுப்பட்டி. சற்றுத் தள்ளி, பல குடும்பங்களுக்குப் பொதுவான மலகூடம். குடிநீர் அசுத்தமா என்று பரிசோதிப்பவர்கள் அந்நீரில் எந்தக் கிருமியைத் தேடுகின்றார்கள் தெரியுமா? இதே கோலியைத்தான். அது இருந்தால் மலம் கலந்திருக்கின்றது என்று முடிவு செய்வார்கள். ஒரு லயத்தில் ஒருவர் குடலில் உள்ள கிருமி எல்லார் குடலுக்கும் போய்ச் சேர்வதற்குப் பீலியைக் காட்டிலும் நல்ல வழி வேறில்லை. அம்மாவின் கல்லுக்குப் பீலிதான் காரணமென்று எந்த வைத்தியரும் எழுதித் தரமாட்டார். எனினும், அவள் நாளத்திலிருந்து எடுத்த கல் மண்ணிறமாகவும், விரலால் நசுக்கினால் பொடிந்துவிடுவதாகவும் இருந்ததென்று சொன்னார்கள்.

முதல் மூன்று நாள் கொடுத்த ஊசிமருந்துக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்க்க அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் காகிதம் வந்தது. அம்பிசிலின், ஆர். கோ-அமொக்சிகிளாவ், ஆர். கோ-டிரைமொக்சசோல், ஆர். சிப்ரோபிளொக்சசின், ஆர். செபுரொக்சிம், செபொடாக்சிம் என்ற ஊசிமருந்துகள் இரண்டும் ஆர். கடைசியில் இருந்த அமிக்காசினுக்கும் மெரொபெனெமுக்கும் மட்டுமே 'எஸ்'.

மருத்துவர் என்னிடம் கேட்டார்: "அம்மா முந்தி நிறைய அன்டிபயோட்டிக் எடுத்ததா? எங்க இருந்து வாங்கினது?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

மெரொபெனெம் ஏற்றினார்கள். ஆனால் மருந்து மட்டும் போதாது. அடைபட்ட வடிகாலைத் திறவாமல் மேலே மருந்தை ஊற்றிப் பயனில்லை. தேங்கி நிற்கும் பித்தத்துக்குள் மருந்து சரிவரப் போய்ச் சேருவதுமில்லை. வாய் வழியே குழல் செலுத்தி, சிறுகுடல்வரை கொண்டு சென்று, அங்கிருந்து நாளத்தின் கதவைத் திறந்து கல்லை எடுக்க வேண்டும். அதற்காக அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். றம்பொடை வளைவுகளில் வண்டி திரும்புகின்றபோதெல்லாம் அவளுடைய சேலைன் போத்தல் ஊஞ்சல் போல் ஆடியது. நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்ய எனக்குத் தெரியவில்லை. கல்லை எடுத்து, நாளம் மூடாதிருக்க ஒரு சிறு குழாயை உள்ளே வைத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிற்று. இத்தனைக்கும் எங்களிடம் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலவச வைத்தியம் என்ற ஒன்று இந்நாட்டில் இல்லாதிருந்தால் இக்கட்டுரை வேறு விதமாக முடிந்திருக்கும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு டிசம்பரில் தம் நோபல் சொற்பொழிவின் முடிவில் ஒரு சிறு கதை சொன்னார். ஒரு மனிதனுக்குத் தொண்டைப்புண். கடையில் பெனிசிலின் வாங்கிப் போதாத அளவு உண்கின்றான். கிருமி சாகவில்லை, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றது. அது அவன் மனைவிக்குத் தொற்றுகின்றது. அவளுக்கு மருந்து பலிக்கவில்லை, இறந்துபோகின்றாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு, அவள் கணவனே பொறுப்பு என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மருந்து கடைகளில் எவரும் வாங்கத்தக்கதாகும் காலம் வரும் என்றும், அப்போது அறியாத மனிதன் குறைத்துண்டு கேடு விளைப்பான் என்றும் எச்சரித்தார்.

வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்து இதை நான் எத்தனை முறை நினைத்தேன் என்று சொல்ல முடியாது. கதையில் மனைவி, இங்கே தாய். குற்றவாளி அதே கடையில் நிற்கின்றான்.

எனினும், அம்மேதையின் கதையில் இரண்டு இடங்களில் எனக்கு மறுப்பு உண்டு. ஒன்று விஞ்ஞானம் பற்றியது. தொண்டைப்புண்ணை உண்டாக்குகின்ற அந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இன்றுவரை பெனிசிலினுக்குப் பணிந்தே நடக்கின்றது. கற்றுக்கொண்டது வேறொரு கிருமி. நோய்க்குக் காரணமாகாமல் குடலில் சும்மா கிடந்த கோலி! தடிமனுக்குக் காரணம் வைரசு. அதை எந்தக் குளிசையும் கொல்லாது. தடிமனுக்கென்று விழுங்கிய குளிசை குடலுக்குள் போய், அங்கேயுள்ள கோடானுகோடிக் கிருமிகளில் நலிந்தவற்றைக் கொன்று, எதிர்க்க வல்ல சிலவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்தது. இருபத்தொன்றும் உண்ணாமல் நான்கு உண்டதே குற்றம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்; ஆசிரியனாகிப் பிள்ளைகளுக்கும் அப்படியே கற்பித்தேன். தடிமனுக்கு இருபத்தொன்று உண்டிருந்தால் கேடு இன்னும் மிகுந்திருக்கும் என்பதே உண்மை. வேண்டாத இடத்தில் விழுங்கிய ஒவ்வொரு குளிசையுமே குற்றம் என்றும், 'முழுவதையும் முடி' என்னும் பழைய உபதேசத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் 2017இல் பிரித்தானிய வைத்தியர்கள் சிலர் எழுதினார்கள். ஆகவே அந்த அக்காவிடம் 'இருபத்தொண்ணு போடணும்' என்று நான் சொன்னதும் தவறு. 'இது உங்களுக்கு வேண்டாம், வெந்நீர் குடித்துப் படுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். படுத்தால் பேர் போய்விடும் என்று அவள் சொல்லியிருப்பாள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கோலியின் ஆற்றல் புதிதுமன்று. பெனிசிலின் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்படுவதற்கு முன்பே, 1940ஆம் ஆண்டில், ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர் இருவர், பெனிசிலினை அழிக்கின்ற ஒரு நொதியை இதே கோலிக் கிருமியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். 1959ஆம் ஆண்டளவில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் இன்னொரு செய்தியைக் கண்டார்கள். எதிர்க்கும் திறத்தை ஒரு கிருமி தன் சந்ததிக்கு மட்டும் விட்டுச் செல்வதில்லை. அருகிலிருக்கும் வேற்றினக் கிருமிக்கும் ஒரு சிறு மரபுத்துணுக்கின் வழியாகக் கைமாற்றிக் கொடுத்துவிடுகின்றது. அதுவும் ஒரு மருந்துக்கான எதிர்ப்பை அன்று. பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கின்றது. அம்மா தன் வாழ்நாளில் செபொடாக்சிம் ஊசி போட்டுக்கொண்டதே இல்லை. அதற்கும் 'ஆர்' எப்படி வந்தது என்று திகைத்திருந்த எனக்கு இதிலேதான் விடை கிடைத்தது. யாருடைய குடலிலோ, எந்த வைத்தியசாலையிலோ, எந்தக் கோழிப் பண்ணையிலோ கட்டிய மூட்டை அது. கந்தப்பளையிலே கிழங்குக்கும் லீக்ஸுக்கும் கோழி எரு லொறி லொறியாக வந்து இறங்குவதை நாம் பார்க்கின்றோம். தீவனத்தோடு மருந்து தின்ற கோழியின் எருவில் என்ன வரும் என்று யாரும் பார்ப்பதில்லை.

பிளெமிங்கின் 'அறியாத மனிதன்' என்ற சொல்லே என் இரண்டாவது மறுப்பு. அதை முன்பே சொல்லிவிட்டேன். ஒரு தனி மனிதனின் அறியாமையை விசாரித்துத் தீர்ப்பளிப்பது எளிது. மருந்தைக் கடையில் வைத்தவன் யார், மருத்துவரை மலையிலே வைக்காதவன் யார், பீலிக்கு மேலே மலகூடம் கட்டியவன் யார் என்று விசாரிப்பது அவ்வளவு எளிதன்று.

இந்தியத் தமிழ் வாசகர்களுக்கும் இக்கதை அந்நியமன்று. 2008ஆம் ஆண்டில், டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒரு நோயாளியிடம், மெரொபெனெம் வகை மருந்துகளையும் அழிக்கின்ற நொதி கொண்ட கிளெப்சியெல்லா அகப்பட்டது. அந்நொதிக்குப் புதுடெல்லியின் பெயரையே வைத்துவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, அது சென்னை உட்படப் பல இடங்களில் இருப்பதைக் காட்டியது. நாட்டின் பெயருக்கு இழுக்கு என்று அரசாங்கத் தரப்பில் கோபித்தார்கள். மறு ஆண்டிலே, டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரை எடுத்துப் பரிசோதித்தபோது 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. பெயருக்கு இழுக்கென்று கோபித்தவர்கள் தண்ணீருக்காகக் கோபித்ததாக எனக்குத் தெரியாது. 2012இல் வைத்தியர்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்டமொன்றை வெளியிட்டார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது, நடைமுறைக்கு ஏற்றதை முதலில் செய்வோம் என்பது அதன் போக்கு. அம்மாவின் காகிதத்தில் மெரொபெனெமுக்கு நேரே 'எஸ்' இருந்ததை நான் ஒவ்வொரு முறையும் நன்றியோடு பார்க்கின்றேன். அம்மாவுக்கு நோய் வந்த அதே 2019ஆம் ஆண்டில், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களே நேர்க் காரணமாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

எங்கள் நாட்டில் சேனக பிபிலே என்ற பேராசிரியர் இருந்தார். மருந்து வியாபாரிக்கன்று, மக்களுக்கு என்று சொன்னவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உண்டானது அவர் முயற்சியால். தேவையான மருந்தை, வியாபாரப் பெயரால் அன்றி அதன் சொந்தப் பெயரால், மலிவாகக் கொடுப்பது அவர் கொள்கை. 1977இல் கயானாவில் இறந்தார். மலிவாகக் கிடைத்த மருந்தினால்தான் இக்கேடு என்று சொல்லுவோரும் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அவர் மருந்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கச் சொன்னார்; வைத்தியரைக் குறைத்துவிட்டு மருந்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்று, வைத்தியசாலைகளில் மருந்தில்லாமற் போன மாதங்களில், அம்மாவுக்கு மூன்றாண்டு பிந்தி இந்நோய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பல இரவுகள் தூங்காதிருந்தேன். அம்புலன்ஸ் இருந்திருக்குமா? மெரொபெனெம்? அப்படி ஒரு தாய்க்கு எங்கேயோ வந்துதான் இருக்கும்.

நாளத்தில் வைத்த குழாயை எடுப்பதற்கு இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கண்டிக்குப் போனோம். முதல் பஸ்ஸுக்காக விடியுமுன் புறப்பட்டோம். அவ்வாண்டு தொடக்கத்தில், ஆயிரம் ரூபாய் நாட்கூலி கேட்டுப் போராடியவர்களுக்கு அடிப்படைக் கூலி எழுநூறு என்று ஒப்பந்தமாகியிருந்தது. அம்மா மேலும் ஐந்து பேர் போய்விட்டதென்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். கந்தப்பளை தாண்டியதும் நான் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். எந்த மருந்து எது, எதை நான் கடையிலிருந்து கொண்டுவந்தேன், அது அவள் உடம்புக்குள் என்ன செய்தது என்று, பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

அவள் காகிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ குடுக்காட்டி நான் அடுத்த கடையில வாங்கியிருப்பேன்யா," என்றாள். "அப்ப நான் மலைக்குப் போகாட்டி நீ எப்படிப் படிச்சிருப்ப?"

பிறகு காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, தங்கச்சியின் மகளுக்கு இரண்டு நாளாக இருமல், வரும்போது ஏதாவது வாங்கிப் போக வேண்டும் என்றாள். மருந்து வேண்டாம் என்று நான் சொன்னேன். அப்படியானால் கொத்தமல்லி வாங்கு என்றாள். கண்டியில் கொத்தமல்லி நூறு கிராம் வாங்கினோம். திரும்பி இராகலையில் இறங்கியபோது இருட்டிவிட்டது. மருந்துக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.